ஒரு காது பெண்டிங்

ஜூலை 7, 2025
அனல்மின் நிலையத்தில் முதல் ஷிஃப்ட். பாய்லர் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாற்றினேன். கேன்டீன் சாப்பாடு. குவார்ட்டர்ஸுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஏஞ்சலின் இறந்து ஏழு மாதம். எழுத வேறு எதுவும் இல்லை.

ஜூலை 11
எதிர்வீட்டு லூர்துமேரி அக்கா வந்தார். பிளாக் பிள்ளைகளுக்கும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் ட்யூஷன் எடுப்பவர். ஆறாவதிலிருந்து எட்டாவதுவரை இங்கிலீஷ் மட்டும் நான் எடுக்க வேண்டுமாம்.
"எனக்கு கிராமர் தெரியாதுக்கா. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன், மீட்டர் பாக்கறவன்."
"ஷிஃப்ட் ரிப்போர்ட்டு எதுல எழுதுற ரெஜினு?"
"இங்கிலீஷ்ல."
"அப்புறம் என்னா? செவுத்த பாத்துகினு உக்காந்திருக்கிற நேரத்துக்கு எம்புள்ளைங்க மூஞ்சிய பாரு."
வருகிறேன் என்று சொன்னேனா? ஞாபகம் இல்லை.

ஜூலை 14
போனேன். எட்டுப் பேர். 'மை மதர்' எழுதச் சொன்னேன். எட்டுத் தாளிலும் ஒரே அம்மா. விடியற்காலையில் எழுகிறாள், ருசியாகச் சமைக்கிறாள், அவள் ஒரு ஹோம்மேக்கர்.
ஏழாவது படிக்கும் தமிழ்நிலாவைக் கூட்டிப்போக அவள் அம்மா சாமியம்மாள் வந்தார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியைக் கூட்டி அள்ளும் வேலை.
"ஹோம்மேக்கர்னு எழுதியிருக்கியே?"
"கைடுல அப்டித்தான் சார் இருக்குது."
"உங்கம்மா கைடுலயா இருக்காங்க?"
எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ.

ஆகஸ்ட் 2
எனக்குத் தெரிந்த எழுத்து ஷிஃப்ட் ரிப்போர்ட் ஒன்றுதான். அதையே சொல்லிக்கொடுத்தேன். என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அடுத்த ஷிஃப்ட்டுக்கு என்ன மிச்சம், அதாவது பெண்டிங். 'வெரி பியூட்டிஃபுல்' எழுதினால் தோப்புக்கரணம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, அதன்படி செய்து காட்ட வேண்டும். கார்முகில் எழுதியதைப் படித்து ஃபேனை நிறுத்தப் போன இசைப்பிரியா லைட்டை அணைத்துவிட்டாள். எழுதியது தப்பா, படித்தது தப்பா? பெரிய சண்டை. லூர்துமேரி அக்கா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார்.

ஆகஸ்ட் 23
தமிழ்நிலா இன்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது, தமிழில் சொன்னால்:
'அம்மா வேலையிலிருந்து வந்தாள். காதில் கரி. எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். தூங்கிவிட்டாள். ஒரு காது பெண்டிங்.'
ஸ்பெல்லிங் நாலைந்து தப்பு. திருத்த மனம் வரவில்லை.

செப்டம்பர் 15
காலாண்டுப் பரீட்சை. நைட் ஷிஃப்ட். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 8
காலாண்டுத் தாள் வந்துவிட்டது. அதே தலைப்பு. தமிழ்நிலா நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறாள். பத்துக்கு இரண்டு.
சாமியம்மாள் வாசலிலேயே நின்றார்.
"ஏன் சார், கைட பாத்து எழுதுனப்ப எட்டு வாங்கிகினு இருந்துச்சி. இப்ப ரெண்டு! எங்காதுக் கரிய பரிச்சையில எழுதி, கிளாஸே சிரிச்சிருக்குது. இதுக்கா அனுப்புனேன்?"
"நல்லாதாங்க எழுதியிருக்கா."
"நல்லா எழுதுனதுக்கா ரெண்டு போட்டாங்க? தீவாளி போவட்டும், வேற ட்யூஷன்ல சேத்துடறேன்."
தமிழ்நிலா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
கோவம். யாரு மேல? அந்தம்மா மேலயா, மார்க் போட்டவங்க மேலயா, எம்மேலயா? போன டிசம்பருக்கு அப்புறம் எதுக்குமே எனக்கு இப்டி ஆனதில்ல. இந்தப் பொண்ணு திரும்ப கைடுக்குப் போயிட்டா, எங்கயும் இல்லாத ஒரு அம்மாவத்தான் எழுதிகினு இருப்பா. விடக்கூடாது.

அக்டோபர் 9
பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்முகப்ரியா மிஸ்தான் அவர்களுக்கு இங்கிலீஷ். சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு நாற்காலி போட்டார்.
"எனக்கும் புடிச்சிது சார். ஆனா அவங்கம்மா யாரு, காதுல ஏன் கரி, ஒண்ணுமே இல்லையே."
"நாங்க லாக் புக்ல இப்டித்தான் மேடம் எழுதுவோம்."
"அத படிக்கறவருக்கு மெஷின் ஏற்கெனவே தெரியும். எனக்கு அவங்கம்மாவ தெரியாதே சார்."
பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
"மார்க்க மாத்த மாட்டேன். தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதிட்டு வரட்டும். அசெம்ப்ளில அவளையே படிக்க விடறேன்."

அக்டோபர் 12
வடக்குத்துக்குப் போனேன், தமிழ்நிலாவின் ஊர். சாமியம்மாள் வீட்டில் பிளாஸ்டிக் சேர், டீ. என் தப்புதான் என்று சொன்னேன். அவர் முகம் இளகவில்லை. தமிழ்நிலா புதிதாக எழுதியதை இங்கிலீஷில் படித்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். 'என் அம்மா சாமியம்மாள் மைன்ஸில் வேலை செய்கிறாள். பெல்ட்டிலிருந்து கரி சிந்திக்கொண்டே இருக்கும். அள்ளாவிட்டால் பெல்ட் சிக்கி நின்றுவிடும். அம்மா அள்ளுகிறாள். பெல்ட் ஓடுகிறது. கரி அவள் காதோடு வீட்டுக்கு வருகிறது.'
"பெல்ட்டு நிக்கும்னு உனக்கு யாருடி சொன்னது?"
"நீதான். தூக்கத்துல திட்டிகினு இருந்த."
அந்தம்மா சிரித்துவிட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அங்கிருந்தே கேட்டார்: "அசெம்ப்ளி என்னிக்கு சார்? மேஸ்திரிகிட்ட லீவு சொல்லணும்."

நவம்பர் 8
ட்யூஷனில் இப்போது ஒன்பது பேர். அசெம்ப்ளியில் படித்து முடித்த கையோடு தமிழ்நிலாவே ஒருத்தியைக் கூட்டிவந்திருக்கிறாள். இன்றைய தலைப்பு, வீட்டில் ஒருவரைப் பற்றி, அவரைப் பார்த்தே இராத ஆளுக்குப் புரியும்படி.
"நீங்க யார சார் எழுதப்போறீங்க?" என்றாள் தமிழ்நிலா.
எழுதினேன். கார்முகில் பிடுங்கி, எழுத்துக் கூட்டாமல் படித்தான். 'என் மனைவி ஏஞ்சலின். லேபில் வேலை செய்தாள். பேசிக்கொண்டே சமைப்பாள், அதனால் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழும்.'
"நீங்க திட்டுவீங்களா சார்?"
"இல்ல. ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிப்பேன்."
"உப்பா இருந்தாலுமா? ஏன் சார்?"
சொல்ல ஆரம்பித்தேன். முடித்தபோது வாசலில் அம்மாக்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை.