பத்தாவது கையெழுத்து

ஜூலை 6

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நலமா? உன் வீட்டுக்காரர் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் ஊரார் கை கால்களை எல்லாம் நீவி நடக்க வைக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு முழங்காலைச் சரிசெய்யத் தெரியவில்லையா? நேரில் கேட்டால் அடிப்பாய், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்துவிட்டது. எங்கே என்று நினைக்கிறாய்? நாம் படித்த அதே கல்லூரிக்கு, மாணவர் நல அதிகாரியாக. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நாம் திட்டு வாங்கக் காத்து நின்ற அறையில் இப்போது நான் உட்கார்ந்து திட்டுகிறேன். நீங்கள் எல்லாம் எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது வீண் போகவில்லை.

முதலாண்டுப் பிள்ளைகளை ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுவதுதான் இந்த மாத வேலை. பெரிய மண்டபத்தில் மேசை போட்டு நாடகம், பாட்டு, சதுரங்கம், சுவர்ப் பத்திரிகை என்று பதினோரு குழுக்களை உட்கார வைத்தேன். ஆளுக்கு ஓர் அட்டை. மூன்று மேசைகளிலாவது கையெழுத்து வாங்கி வர வேண்டும். பாதிப் பேர் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒருத்தி, தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் விடுதியில் தட்டை எடுக்கிறாள் என்று வார்டன் சொன்னார். நான் அவளுக்குப் பாட்டில் என்றே பெயர் வைத்துவிட்டேன். இவள் இப்படியே போனால் இரண்டு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு பேராவது போகிறார்களாம்.

நான்காம் நாள் அவளே என் அறைக்கு வந்து அட்டையை நீட்டினாள். பதினோரு கையெழுத்தும் இருக்கிறது!

"யாரும்மா கூட்டிட்டுப் போனா?"

"ஒரு அக்கா, மேடம். வாசல் வரைக்கும் வந்தாங்க. 'நீ உள்ள போ, நான் அப்புறம் வர்றேன்'னாங்க."

இந்த அக்கா யாரென்று கண்டுபிடித்து ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும். இடது கைக்காரி என்பதைத் தவிர பாட்டிலுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

இடது கை என்றதும் உன் ஞாபகம்தான் வந்தது. நம் பறவை பார்க்கும் குழுவில் ஒன்பது பேர்தான் இருந்தோம், பத்துப் பேர் இல்லாவிட்டால் அறையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ ஒரு பெயரை உருவாக்கி, மாதக்கணக்கில் இடது கையால் கையெழுத்துப் போட்டாயே! அந்தப் 'பத்தாவது ஆளு'க்கு வருகைப் பதிவு நம்மைவிட நன்றாக இருந்தது. நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் போடு.

அன்புடன்,
மேஸ்திரி


ஜூலை 15

அன்புள்ள மேஸ்திரிக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. இனி உன்னை யார் கையில் பிடிப்பது! இவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சொன்ன பயிற்சியைச் செய்யாத நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். அதனால் பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

பழைய கதையை எல்லாம் எதற்கு இப்போது கிளறுகிறாய்? சின்ன வயதில் ஆயிரம் கூத்தடித்தோம், அதில் அதுவும் ஒன்று. அந்தப் பதிவேடெல்லாம் இன்னுமா இருக்கும்? இருந்தால் கரையான் அரிப்பதற்கு முன் நீயே தூக்கிப் போட்டுவிடு. இடது கைக்காரர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்த அக்காவைத் தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பாட்டில் பெண்ணோடு நீ நாலு வார்த்தை பேசு. தினமும் பேசு. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

வேலை கிடக்கிறது.

உன்,
ஒட்டடைக்குச்சி


ஜூலை 24

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

மூன்று நாளாகப் போன் செய்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அந்த அக்காவை இதுவரை ஏழு பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஏழு பேருமே யாரோடும் சேராமல் தனியாக நின்றவர்கள். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் "நீ உள்ள போ, நான் அப்புறம் வர்றேன்" என்பதை மட்டும் ஏழு பேரும் ஒரு சொல் மாறாமல் சொல்கிறார்கள். அவள் எந்த அறைக்குள்ளும் வந்ததில்லை. ஆனால் எல்லாக் குழுவின் பதிவேட்டிலும் ஒரு கையெழுத்து கூடுதலாக இருக்கிறது. நாடகக் குழுவில் நானே போய்த் தலையை எண்ணினேன். இருபத்தாறு பேர். இருபத்தேழு கையெழுத்து.

ஆறு பிள்ளைகளுக்கு இதனால் நல்லதுதான் நடந்திருக்கிறது. குழுவில் சேர்ந்து, கூட்டாளி பிடித்து, சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். பாட்டிலுக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. போன வாரம் படியில் பார்த்தபோது, "நான் பறவைக் குழுல சேந்துட்டேன் மேடம், அங்க ஆள் பத்தலையாம்" என்றாள். அப்படி ஒரு குழு இல்லாமல் போய் இருபது வருடம் ஆகிறது. நம் அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய ஆசிரியரிடம் விசாரித்தேன். "அப்படி ஒரு பொண்ணு என் கிளாஸ்லயா?" என்றார். வருகைத்தாளை எடுத்துப் பார்த்தால் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாள். விடுதிப் பதிவேட்டிலும் அப்படியே. அவள் பெயருக்கு நேரே இருக்கும் கையெழுத்து எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆனால் பாட்டில் வலது கைக்காரி, என் எதிரில் படிவம் நிரப்பினாள்.

இன்னொன்று சொல்கிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே. நேற்று அவள் நடைபாதையில் என்னைக் கடந்து போனாள். நான் என் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவளைப் பார்த்தேன் என்பதே எனக்கு உறைத்தது. அவளைத்தான் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன், அப்படியும் கண்ணில் படவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். நடைபாதை காலி.

பழைய பதிவேடு கிடைத்துவிட்டது. அதில் ஒரு பக்கமும் இந்த மாத வருகைத்தாளில் ஒரு பக்கமும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உன் இடது கை உனக்குத் தெரியாதா? அந்தப் பத்தாவது பெயரை நீ எங்கிருந்து எடுத்தாய்? நிஜத்தைச் சொல்லடி.

மேஸ்திரி


ஜூலை 27

மேஸ்திரி,

பிரதியைப் பார்த்தேன். என் கைதான். நான் போடாத என் கையெழுத்து.

அது நான் உருவாக்கின பெயர் இல்லை. நாம் இரண்டாம் வருடம் படித்தபோது, குழுக்களுக்கு ஆள் சேர்க்கும் நாளில் நீயும் நானும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். முதலாண்டுப் பெண் ஒருத்தி வந்து, "நான் சேரலாமா?" என்று கேட்டாள். நீ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாய், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே, "ஃபார்ம் தீந்துபோச்சு, நாளைக்கு வா" என்றேன். ஃபார்ம் என் கைக்கடியில்தான் இருந்தது. அவள் ஒரு துண்டுத்தாளில் பெயரையும் வகுப்பையும் எழுதி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. விடுதியில் இடம் கிடைக்காதவள், அதனால் அங்கேயும் யாரும் தேடவில்லை.

பத்துப் பேர் வேண்டும் என்றபோது அந்தத் துண்டுத்தாள்தான் என் பையில் இருந்தது. வகுப்பில் வருகை குறைந்தால் குழுவிலிருந்தும் பெயரை அடித்துவிடுவார்கள் இல்லையா? அவள் வகுப்பில் என் சித்தி மகள் படித்தாள். அவளிடம் சொல்லி வருகைத்தாளிலும் தினமும் போட வைத்தேன். எப்படிச் சாய்த்துப் போட வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாவது மாதம் அவளுடைய அப்பா வந்தார். மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்டி, "உங்க பொண்ணு ஒரு நாள் தவறாம வந்திருக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு அவ குழுதான்" என்று கிளார்க் கைகாட்டினார். அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை என் கையில் கொடுத்தார். "பழைய கண்ணாடியோட வந்துட்டாம்மா. போர்டு தெரியாம கஷ்டப்படுவா. குடுத்துடறியா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிளாஸ்ல இருக்காப்பா, குடுத்துடறேன்" என்றேன். அவர் சாயங்காலம் வரை கல்லூரி கேட் அருகில் நின்றுவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பரீட்சை நேரத்தில் நுழைவுச்சீட்டு வாங்க ஆள் வரவில்லை என்றுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை தினமும் வந்த பெண், பரீட்சைக்குப் பயந்து ஓடிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். கல்லூரிப் பெயர் கெடும் என்று அலுவலகம் அமுக்கிவிட்டது, சித்தி மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த வாரத்திலிருந்துதான் அவளைத் தேடினார்கள். மேஸ்திரி, அவள் கல்லூரி திறந்த இரண்டாம் நாளே போய்விட்டவள். ஐந்து மாதம் தள்ளித் தேடினார்கள். அவள் கிடைக்கவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ இப்போதே நம் பழைய குழு அறைக்குப் போ, உன் பாட்டில் பெண் அங்கேதான் இருப்பாள். வெளியிலிருந்து எட்டிப் பார்க்காதே, உள்ளே போ. அந்தப் பெண்ணைப் பட்டப்பெயர் சொல்லாமல் அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா.

கண்ணாடியை இத்துடன் அனுப்புகிறேன். இனி என் வீட்டில் வைத்திருக்க முடியாது. என்ன செய்ய வேண்டுமோ செய்.

ஒட்டடைக்குச்சி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நீ எழுதின மறுநாளே பகல் மூன்று மணிக்கு வந்தது. படித்த கையோடு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. உடைந்த நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னல் பக்கம் மட்டும் இரண்டு நாற்காலிகளைத் தூசி துடைத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு, யாருக்கோ மெதுவாக "ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாற்காலி காலி.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. மூன்றாவது தடவை, தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என் பேரு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குப் பட்டப்பெயர் வைத்து ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான்தானே. கையைப் பிடித்து எழுப்பினேன். வாசல் வரை வந்தவள் நின்று, காலி நாற்காலியைப் பார்த்து, "நீங்களும் வாங்கக்கா" என்றாள். நாங்கள் படியிறங்கும்போது மூன்று பேர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழ்ப்படிக்கு வந்ததும் அது நின்றுவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவளை விடுதியிலேயே பெரிய வாய்க்காரிகள் நாலு பேருக்கு நடுவில் உட்கார வைத்தேன். இப்போது சுவர்ப் பத்திரிகைக்குப் படம் வரைகிறாள். நேற்று ஒருத்தியோடு சண்டை போட்டாள் என்று புகார் வந்தது. அந்தப் புகாரைக் கேட்டு இந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். அட்டை, கையெழுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். குழுத் தலைவர்கள் பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். நேரமாகிறது என்று முனகுகிறார்கள், முனகட்டும்.

அவளை அழைத்து வந்த மறுநாள் காலை பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நீ போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதினேன். நூற்றுப் பதினெட்டு நாள். கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன், ஏனென்றால் அந்த மேசையில் நானும் இருந்தேன். எவ்வளவு யோசித்தும் அவள் முகம் எனக்கு நினைவு வரவில்லை. அன்று உனக்கு என்ன கதை சொன்னேன் என்பதும் நினைவில்லை. அவ்வளவு முக்கியமான கதை! எழுதி முடித்த நாளிலிருந்து எந்தப் பதிவேட்டிலும் கூடுதல் கையெழுத்து இல்லை.

பழைய கோப்பில் அவள் அப்பாவின் முகவரி இருந்தது. தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரும் என் பெயரும் உட்பட. அவர் கத்துவார், ஏசுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ அன்னைக்கு அவ உள்ள இல்லையாம்மா? என் மேல கோவத்துலதான் வெளிய வரலைன்னு நெனச்சிருந்தேனே."

போலீசுக்குச் சரியான தேதியோடு எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இங்கே வருகிறார். கண்ணாடியை உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரிடமிருந்து வாங்கினவள் நீ, நீதான் அவர் கையில் கொடுக்க வேண்டும். நீ வந்தால் ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன், அவர் எதிரில் உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். வராவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

உன்,
மேஸ்திரி