இடது பக்கத்துக் கண்ணிகள்

ஷெட்டிகாம்ப்,
1994 ஏப்ரல் 9

அன்புத் தங்கை லியோனிக்கு,

உன் கடிதமும் அளவுகளும் வந்தன. முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஜூனில் பள்ளியில் பிரிவு விருந்து. அதற்கு அக்கா பின்னிய கோடைச் சட்டைதான் வேண்டுமாமே! படித்த மகிழ்ச்சியில் அடுப்பிலிருந்த மீனைத் தீய விட்டேன்.

ஆனால் 'தொளதொளவென்று இருக்கட்டும்' என்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கென்ன குறை? வெள்ளைப் பருத்தி நூலில், கையில்லாமல், உடம்போடு ஒட்டினாற்போல், இலை இலையாய் ஓட்டை விழும் பின்னல் போடுகிறேன். மாதிரித் துண்டு பின்னித் துவைத்துக் காயவைத்துக் கண்ணிகளையும் எண்ணிவிட்டேன். இனி நீ வாயைத் திறக்காதே.

அல்மா

மாங்டன்,
மே 14

அக்கா,

அளவு பார்க்க நீ ஓட்டுத் தையல் போட்டு அனுப்பிய சட்டையை நேற்று போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் காற்றுப் போன பை மாதிரித் தொங்கியது. என் வீட்டுக்காரர் ஜெரார் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அங்கே பிடித்தார், இங்கே பிடித்தார். கடைசியில் ஊசிகளை மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க அக்காவை இன்னும் எத்தனை நாள் ஏமாத்துவே? எழுதிடு, லியோனி" என்றார்.

உன் கணக்கில் தப்பில்லை. நான் அனுப்பியது போன வருஷத்து அளவு. ஜனவரியில் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நீ சொன்னாய்: "இதே நோயை இன்னொரு தடவை பாக்க என்னால முடியாதுடீ." அதனால்தான் சொல்லவில்லை. சட்டையின் தையலைப் பிரித்து எல்லாத் துண்டுகளையும் இத்துடன் அனுப்புகிறேன்.

லியோனி

ஷெட்டிகாம்ப்,
ஜூன் 6

அடிப் பாவி,

நாலு மாதம்! உனக்குக் கட்டு மாற்றிவிட யார் இருந்தார்கள்? அம்மா பக்கத்தில் ஒரு வருஷம் தூங்காமல் கிடந்தவள் களைப்பில் ஏதோ உளறினால், அதை இத்தனை காலம் மனதில் வைத்துக்கொண்டிருப்பாயா? உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

முன்பக்கத்தை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் பின்னியிருக்கிறேன். இடது பக்கம் பதினெட்டுக் கண்ணிகள் குறைவு. இலைகள் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குச் சாய்ந்து இறங்கும். நெஞ்சுக்கு நேரே ஓட்டைகளை நெருக்கிவிட்டேன், உள்ளே எதுவும் தெரியாது. தழும்பில் உறுத்தாதபடி பக்கத் தையலை முதுகுப் பக்கம் தள்ளியிருக்கிறேன். பஞ்சு கிஞ்சு வைக்காதே. நீ இருக்கிறபடியே போட்டுக்கொள்.

உன் அக்கா

மாங்டன்,
ஜூன் 29

அன்புள்ள அக்கா,

பொருந்தியது. விருந்தில் நிமிர்ந்தே நடந்தேன். ஆறாம் வகுப்பு டீச்சர் தொட்டுப் பார்த்து, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றாள். "எங்க அக்கா கடை. அங்க என் ஒருத்திக்கு மட்டுந்தான் குடுப்பாங்க" என்றேன்.

இன்று காலை டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கல்லீரலிலும் இருக்கிறதாம். கிறிஸ்துமஸ் வரை தாங்குவது கஷ்டம் என்கிறார்.

ஜெரார் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவருக்கும் தெரியாது. இந்தத் தடவை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

முடியாது என்றவளிடம்தான் கேட்கிறேன். வருகிறாயா, அக்கா?

உன் லியோனி