வாப்பாவின் காணிக்கு ஒரு லோயர்

கப்றில் உறங்கும் என் வாப்பாவுக்கு, உங்கள் ஸல்மாவின் ஸலாம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் விட்டுப்போனதைப் பொறுப்பெடுக்க ஒரு சட்டத்தரணியைத் தேடி நான் அலைந்த அலைச்சலை வேறு யாரிடம் சொல்வது?

முந்தலில் இருக்கும் தென்னங்காணி இன்னும் உங்கள் பெயரில்தான். காற்றில் கம்பம் சரிந்து மோட்டாருக்கு வரும் கரண்ட் அறுந்துவிட்டது. காணிக்காரர் உயிரோடு இல்லாததால், மின்சார சபை அதைத் திரும்பக் கொடுப்பதென்றால் நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். கன்றுகள் கருகத் தொடங்கிவிட்டன. உம்மா உங்களுக்காக இத்தாவில் இருந்தார், நாலு மாதம் பத்து நாளும் வாசலைத் தாண்ட முடியாது. நானா கட்டாரிலிருந்து தினமும் போன் எடுத்து, "நல்ல லோயர் ஒருத்தரப் பிடி தங்கச்சி" என்பதோடு சரி.

புத்தளத்தில் லோயர்களுக்கா பஞ்சம்? முதலாமவர் உங்கள் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடினார். "உங்கட வாப்பா என்ட கையிலிருந்து பைலப் பறிச்சிட்டுப் போன ஆள், மகள்" என்றார். இரண்டாமவரிடமும் அதே கதை. சிலாபத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மூன்று முறை பஸ் ஏறிப் போனேன்; மூன்று முறையும் அவர் வேறு வழக்கில். நான்காம் முறை என் பத்திரங்களின் பிரதியையே தொலைத்திருந்தார். பக்கத்துக் காணிச் சிறிலோடு எட்டு வருடம் ஒரு வேலிக்காக வழக்காடினீர்களே, எத்தனை லோயரைத்தான் மாற்றினீர்கள்?

மிஞ்சியவர் ஒருவர்தான். சிறிலுக்காக வாதாடி உங்களைத் தோற்கடித்த அந்த லோயர் மிஸ். அவருடைய வாசலில் கால் மணித்தியாலம் நின்றேன். உங்களுக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது.

"சாலிஹீன் ஹாஜியார்ட மகள்தானே? உள்ளுக்கு வாங்க."

"ஓம் மிஸ். நீங்க எங்களுக்குச் செய்வீங்களா எண்டு தெரியல்ல."

"அந்த வழக்கு முடிஞ்சு போச்சு. அந்தக் காணிட நாலு மூலையும் எனக்கு மனப்பாடம். காணி உறுதிப் பத்திரத்தத் தாங்க."

கதிரையில் உட்கார்ந்த அரை மணித்தியாலத்தில் எல்லாம் எழுதி முடித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தீர்ப்புக்கு அடுத்த நாள் உங்கட வாப்பா இஞ்ச வந்தாரு. சண்டைக்குத்தான் வாறாரெண்டு நெனச்சன். 'மொதல்லயே உங்கள்ட்ட வந்திரிக்கணும் மிஸ்' எண்டு சொல்லி, ரெண்டு வத்தகப்பழம் வச்சிட்டுப் போனாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாப்பா, இதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உம்மாவிடமாவது? தோற்றதைவிட, அந்த மிஸ் நன்றாக வாதாடினார் என்று ஒப்புக்கொண்டதுதான் உங்களுக்கு வெட்கமா?

காணியைப் பொறுப்பெடுக்கும் வழக்குத் தாக்கலாகிவிட்டது. ஆட்சேபனை உள்ளவர்கள் வரலாம் என்று பத்திரிகையில் அறிவித்தலும் போட்டாயிற்று. யாரும் வரவில்லை, சிறில்கூட. அவர் தன் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து நம் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார். நான் கேட்கவே இல்லை. இதைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

என் கோபம் தீரவில்லை, ஆனாலும் உங்களுக்காகக் கேட்கும் துஆவில் குறை வைக்க மாட்டேன். ஒரு வாக்கும் தருகிறேன். எந்த உறுதி எங்கே இருக்கிறது, யாரிடம் போக வேண்டும், யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று எல்லாவற்றையும் வாயிருக்கும்போதே என் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

பங்கு பிரிக்குமுன்பே உங்கள் பிடிவாதத்தைப் பெற்றுக்கொண்ட மகள்,
ஸல்மா