நான் இட்ட குலவை

அன்புள்ள மகன் தைஃபூருக்கு, உன் சித்தி புதைனா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். ஜுபாராவின் கல்யாணத்தன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன், அதை எழுதாமல் நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. "ஜுபாரா, சாட்டையைக் கீழே போடு, இவருக்கு உடம்பில் நோய் இருக்கிறது." நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றிருந்தேன், உன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஏழெட்டு அடி தூரம்கூட இல்லை, மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். சொல்லவில்லை.

பதறாதே, உன் அப்பா உயிரோடு இருக்கிறார், வீட்டுக்கும் வந்துவிட்டார். உன்னைப் பார்க்காத குறையைத் தவிர இங்கே மற்ற எல்லாம் ஓடுகிறது. கறுப்பாடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று பிழைக்கவில்லை. உன் தங்கை ருகையாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தின் பட்டை அறுந்து வெங்காயப் பயிர் ஒரு வாரம் காய்ந்தது, ஜுபாராதான் ஷெந்திக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினான். நிமாத் வீட்டில் எல்லோரும் நலம், உன் கல்யாணத்துக்கென்று அவள் அம்மா இப்போதே சந்தனமும் கிராம்பும் இடிக்க ஆரம்பித்துவிட்டாள், தெருவே மணக்கிறது. இந்தக் கடிதமும் உன் கல்யாணத்தைப் பற்றித்தான். உனக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம், நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் நீ கூப்பிடாமலே இருந்தாய், பிறகு ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று சித்தி, பசிக்குது என்றாய். அந்த உரிமையில் எழுதுகிறேன். உன் அப்பா எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் காட்டக் கார்த்தூம் போனாரே, அப்போது தெரிந்தது. திரும்பி வந்த அன்றே கதவைச் சாத்தி என் கையைக் குர்ஆன்மேல் வைக்கச் சொல்லி, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, தைஃபூருக்கும் கூடாது என்று சத்தியம் வாங்கினார். இதே வியாதியில் உன் பெரியப்பாவின் கால் போன பிறகு ஊர் அவரை அரை ஆள் என்று கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். மாத்திரையை விதைக்கு வைத்த அவரைக்கொட்டை மூட்டைக்குள் ஒளித்து வைத்துத் தின்பார், விருந்தாளி வந்தால் எல்லோரையும்போல் டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பார், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களாம். நானே கலக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜுபாரா கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை கையில் சிவப்புப் பட்டு நூலும் சாட்டையுமாக நின்றான், நீ பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு அழகாக இருந்தான். அவன்மேல் பாசமுள்ள இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினார்கள், அந்தப் பாசத்தைக் காட்ட அவன் சாட்டையால் முதுகில் இரண்டு அடி, மூன்று அடி வாங்கினார்கள், ஒருத்தனும் கண் இமைக்கவில்லை. உன் அப்பா பெரியவர்களோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஐம்பத்துநாலு வயதுக்காரரை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் உன்னைப் பெற்றவளை அவர் மணந்த அன்று ஜுபாராவின் தகப்பனார்தான் முதலில் இறங்கி ஐந்து அடி வாங்கினவர், அன்றிலிருந்து நம் வீடு அந்த வீட்டுக்கு ஒரு முதுகு பாக்கி. மேளம் அடித்த பெண்கள் அதைப் பாட்டில் கொண்டுவந்துவிட்டார்கள். உன் அப்பா பெயரைச் சொல்லியே, பாபிக்கிர் வீட்டில் ஆம்பளை வாசம் இருக்கா, இல்லை அதுவும் கப்பலேறி ஜித்தாவுக்குப் போச்சா என்று பாடினார்கள். கேலிதான், எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டீ கிளாஸைக் கீழே வைத்தார். இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, நீ சம்பாதிக்கப் போனாய், ஓடிப்போகவில்லை. நடந்ததை விட்டுவிட்டு எழுதினால் மற்றது புரியாது, அதனால் எழுதுகிறேன்.

அவர் அங்கியைக் கழற்றி மடித்துக் கட்டில்மேல் வைத்ததும் கூட்டமே எழுந்தது. ஜுபாராவுக்குக் கை வரவில்லை, தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரை அடிக்க எப்படி வரும், முதல் இரண்டும் மெதுவாகத்தான் விழுந்தன. என்ன மாப்பிள்ள, ஈ ஓட்டுறியா என்று உன் அப்பாவே கேட்டார். அதன் பிறகு மூன்று நன்றாக விழுந்தன. ஐந்துக்கு ஐந்து ஆயிற்று, பாக்கி தீர்ந்தது, ஜுபாரா சாட்டையைத் தாழ்த்திவிட்டான். அங்கே அது முடிந்திருக்கும், தைஃபூர். அப்போதுதான் ஜுபாராவின் அம்மா பதூல் என் விலாவில் முழங்கையால் இடித்து, "ஏன்டி, வாயில என்ன பேரீச்சங்கொட்டையா? நிக்கிறது உன் புருஷன்டி" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். புருஷன் நிற்கும்போது பெண்டாட்டி குலவை இடாவிட்டால் அவளுக்கு அவன்மேல் நம்பிக்கையில்லை என்று அர்த்தம். நான் குலவையிட்டேன். பயந்து இட்டேன் என்று எழுதிவிடலாம், அது பாதிதான் உண்மை. அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எவ்வளவோ புத்தகம் படித்தவள்தான் நான், தொண்டைக்குள் அந்தச் சத்தம் தானாக எழுந்து வந்தது. என் குரல் அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கி இன்னும் என்று காட்டினார். குலவைக்குப் பிறகு கேட்டால் மாப்பிள்ளை மறுக்க முடியாது. இன்னும் மூன்று. எட்டாவது அடி தோள்பட்டைக்குக் கீழே ஏற்கனவே கிழிந்த இடத்திலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்து கருவேல நெற்றுப் பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துப் போட்டேன். மற்ற பையன்களுக்கு நாலாம் நாள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. இவருக்கு ஏழு கோடுகள் எப்படியோ மூடின, எட்டாவது மூடவில்லை. எட்டாம் நாள் ஓரம் கறுத்தது, பத்தாம் நாள் வாடை அடித்தது. இரவெல்லாம் குப்புறக் கிடப்பார், விடிந்ததும் குளித்து வெள்ளை அங்கி போட்டு, முதுகுக்கும் துணிக்கும் நடுவே நான் வைத்த பழந்துணியோடு வாசலில் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த வயதில் எட்டு அடி வாங்கினவர் என்று அக்கரையிலிருந்தெல்லாம் படகேறி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினால், போய் என்னன்னு சொல்றது, கல்யாண வீட்டு அடி தாங்கலன்னா என்பார். இந்த ஊரில் வலி தாங்குகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பதூலைத் தேள் கொட்டியபோது கரைத்த மாவு வீணாகுமே என்று கிஸ்ரா ரொட்டி முழுவதையும் வார்த்து எடுத்துவிட்டுத்தான் காலை நீட்டி உட்கார்ந்தாள். வலிக்கிறது என்று சொல்லத்தான் இங்கே யாருக்கும் வாய் பழகவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் உன் அப்துல் கரீம் மாமா நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஜுபாராவும் மருதாணி மாறாத கையோடு வந்திருந்தான். அங்கியத் தூக்கிக் காட்டுங்க, இந்தக் காலத்துப் பயல்கள் பார்க்கட்டும் என்றார் மாமா. உன் அப்பா சிரித்துச் சமாளித்தார், நெற்றியெல்லாம் வேர்வை. நான் டீத்தட்டோடு ஆண்கள் நடுவே போய் நின்றேன். "அவருக்கு ரெண்டு வருஷமா சக்கரை வியாதி. அந்தப் புண்ணு ஆறாது. அழுகிப் போச்சு" என்றேன். முதலில் எழுந்தவன் ஜுபாராதான். உன் அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார், அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவரை முதுகில் சுமந்துகொண்டு வெங்காய லாரி நிற்கிற இடம்வரை மணலில் நடந்தான், கால் மணி நேர நடை, உன் அப்பாவின் எடை உனக்குத் தெரியும். வழியெல்லாம் அவன் அழுததை எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தீர்ந்து ஒரு மாதமாம். டாக்டர் உன் வயதுப் பையன்தான், பொறுமையானவன். செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், எது செத்தது எது உயிருள்ளது என்று பார்வைக்கு முழுசாகத் தெரியாது, "வலிச்சா சொல்லிருங்க பெரியவரே, வலிக்கிற இடத்துல நான் நிறுத்திடுவேன்" என்றான். உன் அப்பா தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, வலிக்கலப்பா, நீ வேலையைப் பாரு என்றார். மூன்று தடவை கேட்டான். அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், பாதம் விறைத்துப் போனது, விரல்கள் மடங்கின, வாய் மட்டும் திறக்கவில்லை. அவருக்கு வலிக்குது, நிறுத்துங்க என்று நானாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. முன்தினம்தான் ஊர் நடுவே அவரைச் சாய்த்துவிட்டு வந்தவள், இன்னொரு தடவை அவர் முன்னால் அவருக்காகப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்ட வேண்டியதற்குமேல் கொஞ்சம் போயிருக்கலாம் என்று டாக்டரே பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தப்பட்டான், அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வலது கை இனித் தோளுக்குமேல் எழும்பாது.

இருபது நாள் அங்கே இருந்தோம், வந்து ஒரு வாரம் ஆகிறது. டீத்தட்டோடு நான் நின்ற அந்தச் சாயங்காலத்திலிருந்து உன் அப்பா என்னோடு பேசவில்லை. எல்லாம் ருகையா வழியாகத்தான். உங்கம்மாகிட்ட டீ கேளு, சக்கர வேணாம்னு சொல்லு என்பார், நான் பக்கத்திலேயே நிற்பேன். அவள் அதைச் சேதி கொண்டுபோகிற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, ஓடி வந்து பொக்கை வாயால் என்னிடம் திருப்பிச் சொல்கிறாள். மருந்து போடும்போது முதுகைக் காட்டுவார், முகத்தைக் காட்ட மாட்டார். அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்காகவா, அதைப் பன்னிரண்டு நாள் முன்னால் சொல்லாததற்காகவா, எதற்கு இந்தத் தண்டனை என்று கேட்கவும் ஆளில்லை.

இனி உன் விஷயம். குளிர்காலத்தில் நீ வந்து நிமாத்தை மணக்கும்போது சாட்டை உன் கையில் இருக்கும், ஜுபாரா வந்து உன் முன்னால் நிற்பான். எட்டுக்கு எட்டு என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான், குறைத்தால் எனக்கு அவமானம் என்கிறான், பதூலும் அதையேதான் சொல்கிறாள். உன் அப்பாவைச் சுமந்த முதுகு அது. அவன் மனைவிக்கு இப்போது பதினெட்டு வயது, கிணற்றடியில் பார்த்தேன், குலவை இட நன்றாக வருமா என்று யாரோ கேட்டதற்கு வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் சொன்னால் இங்கே இந்தச் சாட்டையடி நிற்காது, எனக்கு இருந்த ஒரு சொல்லையும் செலவழித்துவிட்டேன். மாப்பிள்ளை சாட்டையை எடுக்க மாட்டேன் என்றால்தான் நிற்கும், அதற்கும் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும், ஜித்தாவுக்குப் போய் மெலிந்துவிட்டான் என்பார்கள், உன் அப்பா என்னோடு பேசாததுபோல் உன்னோடும் பேசாமல் போகலாம். அவ்வளவும் தெரிந்தே கேட்கிறேன். உன்னால் முடியாவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது, கோபப்பட எனக்கு முகமும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நீ வேலை செய்கிற குளிரூட்டிய கிடங்குக்குள் வெறும் காலோடு போகாதே. இன்னொன்றை மறக்காதே, உன் பெரியப்பாவுக்கு, உன் அப்பாவுக்கு என்று இது வரிசையாக வருகிற நோய், வெட்கப்படாமல் அங்கே ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள். இறைவன் உன் உடம்பையும் உன் கையையும் காக்கட்டும், உன்னை முழுசாகத் திருப்பிக் கொண்டுவரட்டும். ருகையா தன் விழுந்த பல்லில் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைக்கச் சொன்னாள், தாளில் மடித்து வைத்திருக்கிறேன், தொலைக்காதே.

உன் சித்தி,
புதைனா

சனிக்கிழமை. இதை உன்னிடம் சேர்க்கப் போகிற உம்ரா யாத்திரைக்காரர் நாளைக்குத்தான் கிளம்புகிறார் என்பதால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இன்று காலை உன் அப்பா ருகையாவைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே பேசினார். பரண்மேல் இருக்கிற சாட்டையை எடுத்து எண்ணெய் போட்டு வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் உன் கல்யாணத்துக்குள் தோல் இறுகிவிடுமாம். எடுத்து, நல்லெண்ணெய் போட்டு, ஆணியில் மாட்டி வைத்தேன்.