பூந்தமல்லியில் ஓர் அசரீரி

சித்திரை, வெள்ளி இரவு.

தூக்கமே வரவில்லை. பட்டணத்தில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்ற வதந்தியில் காலையிலிருந்து ஊரே தப்பியோட வண்டி கட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து ரேடியோ என் பொறுப்பு. சாயங்காலச் செய்தியைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். அரிசிக்கடை நாயக்கர் சிரித்தார். "சர்க்கார் பொட்டி இன்னா சொல்லும் வாத்யாரே? சர்க்கார் பேச்சத்தான் பேசும்."

ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் இமாம், "விசாரிக்காத சேதிய வாயால சொல்லாதீங்க. ரேடியோவக் கேட்டுட்டு அப்பறம் வண்டி கட்டுங்க" என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலம் அவரே முன்னால் வந்து நின்றார். கோயில் குருக்களோ, சாயரட்சை மணியைக்கூட அடிக்காமல் ஓடிவந்தார். "அது அசரீரிடா, வாய மூடிண்டு கேளுங்கோ!" என்று ஓர் அதட்டல். கூட்டம் கப்சிப்.

யாரும் இறங்கவில்லை என்றது ரேடியோ. வண்டிகளை அவிழ்த்தார்கள்! நாயக்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பெட்டியைக் கும்பிட்டார். எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

நாளைக்கு அதற்கு மாலை போடப்போகிறாராம். இமாம் என்ன சொல்வாரோ! அதைவிட எனக்கு இன்னொரு பயம். அசரீரி ஒருநாளும் பொய் சொல்லாது. இந்தப் பெட்டியும் சொல்லாமலிருக்க வேண்டுமே.