நீங்க யாருக்கு லாயர்?

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நாங்கள் வீடு வாங்குகிறோம். இதை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீ கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிவிட்டதே, என்ன செய்ய? உன் மச்சானுக்கு இந்த வருஷக் கடைசியில் தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். அதனால் பிரிஞ்சாங்கில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். இரண்டு அறை, மூன்றாம் மாடி. உன் முட்டி வலிக்கு ஏறி வருவதற்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய்.

விற்கிறவர் கோயிலில் பழக்கமான மனிதர். "ரெண்டு லாயர் எதுக்கு? எங்க லாயரே ரெண்டு பேருக்கும் பாத்துக்குவாரு லா" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தானா ராத்தாவில் அந்த லாயர் ஆபீசுக்குப் போனோம். தடித்த ஒப்பந்தத்தை முன்னால் வைத்து, மஞ்சள் தாள் ஒட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே வளர்ந்த கூட்டம்தானே நாம்? பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

என்ன தோன்றியதோ, கேட்டேன். "சார், நீங்க எனக்கும் லாயர்தானே?"

அவர் மறைக்கவில்லை. "இல்லக்கா. நான் அவருக்குத்தான் லாயர். உங்களுக்கு வேணும்னா நீங்க தனியா ஒருத்தர வச்சிக்கணும்."

உன் மச்சான் மேசைக்கு அடியில் என் காலை இடித்தார். விற்கிறவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ப ஆளு மேலயே நம்பிக்கை இல்லையா?" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு லாயரம்மாவைப் பிடித்தோம். முதல் வேலையாக அந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் தேடித் தாள் எடுத்தார். விற்கிறவர் பேரில்தான் இருந்தது, வில்லங்கம் ஒன்றும் இல்லை. பிறகு ஒப்பந்தத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, வாடகைக்கு இருக்கறவங்களோட சேத்து வாங்கறதா இதுல போட்டிருக்கு. அவங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"அவங்க போயிருவாங்கன்னு சொன்னாரும்மா."

"வாயால சொன்னாரு. தாள்ல இல்லையே."

நீயே சொல் அண்ணே. லைனையும் விட்டு, வாங்கின வீட்டுக்குள்ளும் போக முடியாமல், இரண்டு வருஷம் நாங்கள் எங்கே போய் இருப்பது?

லாயரம்மா அவருடைய லாயருக்குக் கடிதம் போட்டார். காலி வீடாகச் சாவி தந்த பிறகுதான் மீதிப் பணம் போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியது. விற்கிறவர் கோயிலில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். பிறகு அவரே குடியிருந்தவர்களிடம் பேசி, வேறு இடம் பார்த்துக் கொடுத்தார். போன திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பட்டால்தான் தெரியும் என்பார்கள். பட்டது நீ, தெரிந்துகொண்டது நான். லெம்பா பெர்த்தாமில் நீ வாங்கின நிலம் அரசாங்க நிலம், லைசென்ஸ் வைத்துக் காய்கறி போடலாமே தவிர யாருக்கும் விற்க முடியாது என்பது, வீட்டைக் கட்டி முடித்த பிறகுதானே உனக்குத் தெரிந்தது? ஒரு வெள்ளைத்தாளையும் விற்றவன் பேச்சையும் நம்பினாய். காலி செய்யச் சொன்னதும் கூரைத் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு நீ லைனுக்குத் திரும்பி வந்த அன்று, உன் மகள் முன்னால், லைன் சனம் முன்னால், "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்ட முட்டாளு" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை?

பேசியிருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் நீ என் வாசலில் வந்து நின்றாய். "நாளைக்கு கூட வர்றியா? ரெண்டு பேரா பாத்தா நல்லாருக்கும்" என்றாய். "துணி மலையாட்டம் கெடக்கு, நீயே போயிட்டு வா" என்றேன். அதை நீ யாரிடமும் சொல்லவே இல்லை.

பால் காய்ச்சுகிற அன்று அந்த லைன் சனம் அத்தனை பேரையும் கூப்பிடுவேன். உன் மகளை முன்னால் உட்காரவைத்துச் சொல்வேன்: என் அண்ணன் முட்டாள் இல்லை, துணைக்கு ஆள் கூப்பிட்டான், நான்தான் போகவில்லை என்று. இது சத்தியம்.

அன்றைக்குக் கூட வராத உன் தங்கச்சி,
செல்வி