விசில் கேட்டு எழுந்திருப்பவர்கள்

மேற்கு மாம்பலம்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை கல்யாணராமனுக்கு அநேக ஆசீர்வாதம்.

இத்தனை நாள் நான் பேசாமல் இருந்தது போதும். நீர் ரயில் கார்டு வேலையை விட்டு, வேலைநிறுத்தம் என்று விழுப்புரம் போய் உட்கார்ந்ததிலிருந்து, உமக்கு எழுது, எழுது என்று எல்லோரும் என்னைப் பிடுங்குகிறார்கள். ஆபீஸில் சொல்கிறார்கள், வீட்டில் சொல்கிறார்கள், டிராமில் பக்கத்தில் உட்காருகிறவன்கூடச் சொல்கிறான். எழுதக்கூடாது என்று சொன்னது உம்முடைய மனைவி ஒருத்திதான். அவள் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

ரயில் கம்பெனி உம்முடைய எழும்பூர் வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு என் தங்கை கோமளம் இங்கேதான் இருக்கிறாள். ஒரு டிரங்குப் பெட்டியும் நீர் வண்டிக்குக் காட்டும் பழைய கொடிகளையும் கொண்டுவந்தாள். கொடி எதற்கு என்று கேட்டதற்கு, துணி நல்ல துணி என்றாள். ஆவணி பிறந்தால் அவளுக்கு எட்டாம் மாதம். உமக்கும் தாய் தகப்பன் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஆகையால் சீமந்தத்தை இங்கேயே நடத்திவிடலாம் என்று என் வீட்டுக்காரி ஜலஜா சொல்லிவிட்டாள். அவள் சொன்னபின் என்னைக் கேட்பது இந்த வீட்டில் வழக்கமில்லை.

ஊர் நிலைமை உமக்குத் தெரியவேண்டும். வண்டி ஓடவில்லை என்று சொல்ல முடியாது. ஓடுகிறது, எப்போது என்றுதான் தெரியாது. ஒன்பதரை வண்டியின் சத்தம் கேட்டுச் சாதம் வடித்தவர்கள் இப்போது வெயிலைப் பார்த்துச் சமைக்கிறார்கள். நாங்கள் விடிந்ததும் எதையோ விழுங்கிவிட்டு, ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளின் சேற்றைத் தாண்டி, தேனாம்பேட்டை வழியாக ராயப்பேட்டைக்கு நடந்து டிராம் பிடிக்கிறோம். சாயங்காலம் அதே சேறு. வருஷக்கணக்காக ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு போனவர்கள், இப்போது ஒருவர் பின் ஒருவராக நடக்கிறோம், பேசிக்கொள்வதில்லை. பேச மூச்சில்லை. இரண்டு பேர் மயிலாப்பூரில் உறவுக்காரர் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார்கள். ரயிலை நம்பி இந்தக் காட்டில் மனை வாங்கினோமே என்று மற்றவர்கள் உங்கள் சங்கத்தைத் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அதை ஏன் மறைக்கவேண்டும்? லோக்கல் வண்டிக்குக் கார்டு எதற்கு, ஸ்டேஷன் ஆள் கொடி காட்டினால் போதாதா என்று கம்பெனி கேட்டபோது, சரிதானே என்று தலையாட்டியவர்களில் நான் ஒருவன்.

அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. உமக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. உமக்குக் கலியாணமான வருஷம், ஒரு மழை நாளில், குடையும் கையுமாக நான் பிளாட்பாரத்தில் ஓடிவந்தேன். நீர் கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றிருந்தீர். என்னைப் பார்த்தீர். மனைவியின் அண்ணன் என்று தெரிந்துதான் பார்த்தீர். பச்சைக் கொடியை இறக்கவில்லை. வண்டி போய்விட்டது. கொடி தூக்கின பிறகு வந்தால் நான் என்ன செய்ய என்று நீர் பிற்பாடு கோமளத்திடம் சொன்னதாகக் கேள்வி. அன்று நான் தாமதமாகப் போனதை மானேஜர் சுவாமிநாதன் சிவப்பு மையில் எழுதிவைத்தார். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர், என் மேஜையில் உட்கார்ந்து வேலை பழகினவர். பி.ஏ. படித்த நான் இன்றைக்கும் அவர் கூப்பிட்டால் எழுந்து போகிறேன். உம்மைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு மை ஞாபகம் வரும்.

ஜலஜா நேற்றுச் சொன்னாள்: “ஒரு நாள் ரயிலை நிறுத்தலைன்னு அஞ்சு வருஷமா அவரைக் கோவிச்சுண்டேள். இப்போ ஒரேயடியா நிறுத்திட்டார். இன்னுமா கோபம் தீரலை?” இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான்.

உமக்குப் பதிலாகக் கம்பெனி ஒருவனைப் போட்டிருக்கிறது. கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. கெட்டவன் இல்லை, பயந்தவன். தலைப்பாகையோ கோட்டோ தூரத்தில் தெரிந்தால் வண்டியைப் பிடித்து வைப்பான். ஒரு நாள் நான் ஓடிவருவதைப் பார்த்துவிட்டு எனக்காகவும் வைத்திருந்தான். ஐந்து வருஷமாக நான் ஆசைப்பட்டது நடந்தது. ஏறி உட்கார்ந்தேன். பெட்டியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உம்முடைய வழக்கம் ஒன்று உண்டு. முதலில் விசில். பிறகு இறங்கிப் பெண்கள் பெட்டிவரை ஒரு நடை. எல்லோரும் ஏறியாயிற்றா, கதவு சாத்தியாயிற்றா என்று பார்த்த பிறகே கொடி. இதனால் மாம்பலத்துப் பெண்டுகளுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. வண்டி வந்து நின்றாலும் அசையமாட்டார்கள். விசில் கேட்டால்தான் பெஞ்சியை விட்டு எழுந்திருப்பார்கள். கூடையை எடுத்து, குழந்தையைத் தேடி, பாதி சொன்ன கதையை முடித்து, அதன்பின் ஏறுவார்கள். உலகத்தில் எங்கும் விசில் என்றால் வண்டி புறப்படுகிறது என்று அர்த்தம். மாம்பலத்தில் மட்டும் இனி ஏறலாம் என்று அர்த்தம். இந்தக் கெட்ட பழக்கத்தை உண்டாக்கியவர் நீர். உம்முடைய மனைவியும் மாம்பலத்துப் பெண்தான்.

செவ்வாய்க்கிழமை அவளை எழும்பூர் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அழைத்துப்போனேன். ஜட்கா வண்டி குலுக்கும் என்று ரயிலுக்குப் போனோம். வண்டி வந்தது. பெண்கள் பெட்டிக்கு எதிரே அவளை விட்டுவிட்டு நான் எங்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன். அவள் எல்லோரையும்போல விசிலுக்காகக் காத்திருந்தாள். விசில் கேட்டதும் எழுந்து நடந்து படியில் ஒரு காலை வைத்தாள். புது ஆள் விசில் ஊதும்போதே கொடியும் காட்டிவிடுகிறவன். வண்டி நகர்ந்துவிட்டது.

நான் பார்க்கவில்லை. பெண்கள் அலறியது கேட்டது, அவ்வளவுதான். கோடம்பாக்கம் வருகிறவரை நான் அந்தப் பெட்டியில் எப்படி நின்றேன் என்று உமக்கு எழுத முடியாது.

உயிரோடு இருக்கிறாள். குழந்தைக்கும் ஒன்றுமில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கவேண்டும். எழுதியிருந்தால் மற்றதை நீர் படித்திருக்கமாட்டீர்.

உள்ளேயிருந்த ஓர் அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாளாம். வளையல் நொறுங்கித் தன் கையில் இறங்கியும் விடாமல் உள்ளே இழுத்துப்போட்டாளாம். பெயர் நஸ்ருன்னிசா. சிந்தாதிரிப்பேட்டையில் ஜரிகை வேலை செய்கிற குடும்பம். மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். நான் கோடம்பாக்கத்தில் இறங்கி ஓடியபோது, கோமளம் அவள் மடியில் படுத்திருந்தாள். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, விசாரிக்க வந்த புதுக் கார்டைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா நைனா, பொம்பளைங்க ஏறிக்கினு கீறாங்க, நீ பாட்டுக்குக் கொடியை ஆட்டறே? பழைய கார்டு எங்கே போனாரு? அவர் வந்து பாத்துட்டுத்தானே வுடுவாரு?”

அவன் தன்மேல் தப்பில்லை, விசில் ஊதினேன் என்றான். உண்மைதான், ஊதினான். அந்த அம்மாள் எங்களோடு எழும்பூரில் இறங்கி ஆஸ்பத்திரிவரை வந்தாள். தன் கையில் கட்டுப் போட மறுத்துவிட்டாள். நான் நன்றி சொன்னேன். அதற்கு அவள், பெண்ணுக்குப் புருஷன் எங்கே என்று கேட்டாள். கோமளம் என்னை முந்திக்கொண்டு, வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்றாள்.

படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது, வண்டி எதுவும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நாலு பேரை வைத்து நாற்காலியில் தூக்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று சாயங்காலமே உமக்கு எழுதக் காகிதம் எடுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: “எழுதாதே அண்ணா. எழுதினா அவர் கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவார். அப்புறம் என்னைப் பாக்கறச்செல்லாம் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும்.”

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஞாபகம் வருவது எப்படி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று ஆடி முடிவதற்குள் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கம்பெனி பழைய வேலையிலேயே சேர்த்துக்கொள்கிறதாமே, உங்கள் மாப்பிள்ளைக்கு நாலு வரி எழுதினால் என்ன என்றார். நீர் வேலைக்குத் திரும்பினால் மேலிடத்தில் என்னைப்பற்றி எடுத்துச் சொல்ல அவருக்கு வசதியாக இருக்குமாம். திரும்பாதவர் என் வீட்டில் வந்து தங்கினால் அதுவும் மேலிடத்துக்குத் தெரியவேண்டியிருக்குமாம். மிகவும் மரியாதையாகச் சொன்னார். எனக்கு இத்தனை வருஷமாக வராத உத்தியோக உயர்வு உம்முடைய கையெழுத்தில் இருக்கிறது பார்த்தீரா? கோமளம் படியில் தொங்கியதை ஒரு வரி எழுதினால் போதும், நீர் ஓடிவந்து கையெழுத்துப் போடுவீர். அந்த வரியை எழுதிவிட்டேன். மானேஜருக்காக எழுதவில்லை. நம்புவதும் நம்பாததும் உம்முடைய இஷ்டம். ஒரு புருஷனுக்குத் தெரியவேண்டிய விஷயத்தை மச்சினன் பூட்டி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கையெழுத்துப் போடும் என்றும் போடாதேயும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. போட்டால், உமக்காகப் போடும். கோமளத்துக்காகப் போட்டேன் என்று யாரிடமும் சொல்லாதேயும். அவள் அதைக் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஆவணி இரண்டாம் திங்கட்கிழமை சீமந்தம் வைத்திருக்கிறது. டாக்டரம்மா உட்கார மட்டும் அனுமதித்திருக்கிறார். புருஷன் பக்கத்தில் இல்லாமல் சீமந்தம் கிடையாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். மாற்று ஆள் கொடி காட்டும் வண்டியில் கால் வைப்பதில்லை என்று உங்கள் சங்கத்தில் சத்தியம் செய்திருக்கிறீர்களாம். சரி, வைக்கவேண்டாம். திண்டிவனம்வரை பஸ் இருக்கிறது. அங்கிருந்து செங்கற்பட்டுக்கு மாட்டுவண்டியோ லாரியோ கிடைக்கும். அதன்பின் சைதாப்பேட்டைக்குப் பஸ் வருகிறது. முதல் நாள் காலையிலிருந்து நான் சைதாப்பேட்டை ஆற்றுப் பாலத்தின் இந்தக் கோடியில் குடையோடு நிற்பேன். ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் குடும்ப விசேஷம் என்று எழுதியிருக்கிறேன். மேலிடத்துக்குத் தெரியட்டும். நீர் இங்கேதான் தங்கவேண்டும்.

நீர் தாமதமாக வந்தாலும் வரும். நான் போய்விடமாட்டேன்.

கோமளம் தூங்குகிறாள். உம்முடைய பச்சைக் கொடியை நாலாக மடித்துத் தலையணைமேல் விரித்திருக்கிறாள். துணி நல்ல துணிதான். நீங்கள் இருவரும், வரப்போகிறதும் நன்றாயிருக்கவேண்டும்.

இந்த இடத்தில் பெயர் எழுதவேண்டும். விழுப்புரத்தில் உங்கள் பேருக்கு வரும் தபால்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் பெயர் அங்கே அகப்படவேண்டாம். கோமளம் கேட்டால், என் பெயரில் உமக்குக் கடிதம் எதுவும் போகவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்லவும் வேண்டும். யார் எழுதியது என்று நீர் கண்டுகொள்வீர். ஆகையால் பெயர் போடாமலே உறையை ஒட்டி, இருட்டுவதற்குள் ஸ்டேஷன் வாசல் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.